வெறும் தண்ணீர்

வண்டி வந்து பத்து நிமிடம் ஆகிவிட்டது. கூடத்தில் பெட்டியை மூடுவதற்கு நாலு பேர் காத்து நிற்க, செத்துப்போனவளின் கணவரோ பால்கனியில் முழங்காலிட்டு உட்கார்ந்து, கண்ணாடித் தொட்டியிலிருந்து குவளை குவளையாகத் தண்ணீரை மொண்டு ஒரு பேசினில் கொட்டிக்கொண்டிருந்தார்.

“அத்தான், எல்லாரும் உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க,” என்றாள் மச்சினி.

“அஞ்சு நிமிஷம்.”

“இப்பப் போயி இந்தப் பாசியைக் கட்டிக்கிட்டு அழணுமா?”

அவர் அடுத்த குவளையை மொண்டார்.

அது மனைவி வளர்த்த பாசி. அவள் தையல்காரி. இந்த ஊரிலிருந்து கடலுக்குப் பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். அவளானால் ஐந்தாவது மாடியில் உப்புத் தண்ணீர் கலக்கி, காற்று மோட்டார் வைத்து, தின்கிற கடல்பாசி வளர்த்தாள். பச்சைப் பசேலென்று கீரை மாதிரி வரும். சூப்பில் போடுவாள், முட்டையில் போடுவாள், மிச்சத்தைக் கொடியில் அவருடைய பனியன்களுக்குப் பக்கத்திலேயே காயப்போடுவாள். அவர் லிஃப்ட் மெக்கானிக். “உன் புண்ணியத்துல என் பனியன்ல மீன் நாறுது. நான் ஏறினா லிஃப்ட்ல வேற யாரும் ஏறுறதில்ல,” என்பார். ஒரு வாய் தின்றதில்லை.

மூன்று வாரத்துக்கு முன் அவள் படுத்த படுக்கையானதும் தொட்டி அவர் தலையில் விழுந்தது. நாளுக்கு நாள் தண்ணீர் வற்றியது. கடலில் வளர்கிறதாயிற்றே, உப்பு குறையக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் உப்பைக் கரைத்து ஊற்றினார். கண்ணும் கருத்துமாகத்தான் செய்தார். பாசி ஓரத்தில் வெளுத்தது, பிறகு கொழகொழத்தது, பிறகு தொட்டால் கையோடு வந்தது.

“எப்படி இருக்கு?” என்று தினமும் காலையில் கேட்பாள்.

“உன்னைவிட ஜோரா இருக்கு,” என்பார். கூசாமல் சொன்ன பொய். இருக்கிற வலி போதாதென்று இதையும் அவளிடம் எப்படிச் சொல்வது?

நேற்றுக் காலை அவள், “ஒரே ஒரு இலை கொண்டு வாங்க. திங்கணும் போல இருக்கு,” என்றாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. மருந்து வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, மூன்று தெரு தள்ளியிருந்த பெரிய கடைக்கு ஓடினார். காய்ந்த பாசி ஒரு பாக்கெட் வாங்கி வந்து ஊறவைத்து, நல்ல இலையாகப் பொறுக்கி ஊட்டிவிட்டார்.

அவள் ரொம்ப நேரம் மென்றாள். “நல்லா வளர்த்திருக்கீங்க.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கண்ணை மூடிக்கொண்டு அவள் சொன்னாள்: “தண்ணி வத்தினா வெறும் தண்ணி ஊத்துங்க. உப்பு எங்கேயும் போகாது, தண்ணிதான் போகும். குழாய்த் தண்ணியைப் பிடிச்சு ஒரு நாள் திறந்து வச்சிட்டு ஊத்தணும். குளோரின் மருந்து வாடை போகட்டும்.”

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது. நேரே போய் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து வைத்தார். திரும்பி வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தத் தூக்கத்திலேயே மூன்று மணிக்குப் போய்விட்டாள்.

அந்த வாளிக்கு இப்போதுதான் ஒரு நாள் ஆகியிருந்தது.

மச்சினி பக்கத்தில் வந்து குனிந்தாள். “எல்லாமே செத்துப் போச்சே அத்தான்.”

“எல்லாம் இல்ல.”

காற்றுக் குழாய்க்குப் பின்னால், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு இன்னும் பச்சையாக ஆடிக்கொண்டிருந்தது. மச்சினி அதைப் பார்த்தாள். வாளியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் குவளையில் ஏந்தி ஏந்தி ஊற்றினார்.

வாளி காலியானதும் எழுந்து கூடத்துக்கு வந்தார். மூடியை எடுத்தவர்களைக் கையமர்த்திவிட்டு மனைவியின் காதருகே குனிந்தார்.

“வெறும் தண்ணிதான் ஊத்தினேன்,” என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. மூடி போட்டார்கள். வண்டி ஓட்டுநர் அவருடைய கைகளைப் பார்த்தார்.

“கை ஈரமா இருக்கு ஐயா. நழுவிடும்.”

அவர் சட்டையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு, தலைமாட்டுப் பக்கம் போய்ப் பிடித்தார்.