முன்கூட்டியே எழுதி முடித்த கோடை

மலைச்சரிவில் ஒன்றன் தோள்மேல் ஒன்று ஏறி நின்று கடலை எட்டிப் பார்க்கும் சிறுவரைப்போல ஓட்டுக்கூரை வீடுகள் நெருங்கி நிற்க, அவற்றினிடையே கைநழுவிய நாடாவென நெளிந்து கற்படிகள் கீழிறங்க, அடிவாரத்தே உள்கடல் உருக்கி ஊற்றிய ஈயம்போல் அசைவற்றுக் கிடக்க, எதிர்த்தீவுக்குச் செல்லும் சிறுகப்பல் அதன்மேல் ஒரு கோடு கிழித்து, அக்கோடு அழியுமுன்பே திரும்பி வந்து மற்றொன்று கிழிக்க, ஏழாம் திங்களின் இறுதி வார முற்பகலொன்றில் ஒனோமிச்சி நகரம் சிள்வண்டுகளின் ஓயா இரைச்சலில் வெந்துகொண்டிருந்தது. கற்றறிந்த நண்பரே, அவ்வண்டுகளுக்குக் கோடை விடுமுறைப் பாடங்கள் இல்லை. அதனாலன்றோ அவை அத்துணை ஊக்கத்தோடு கூவிக்கொண்டிருந்தன!

ஆனால் எண்பத்தேழாம் படியில் அமைந்த சிறுவீட்டில் அப்பாடங்கள் இருந்தன. அவற்றினும் பெரிதாக அங்கே கியோனோ என்னும் அன்னை இருந்தாள். துறைமுகத் தெருவின் உணவுப்பெட்டிக் கடையில் நாளொன்றுக்கு இருநூறு பெட்டிகளில் சோறும் மீனும் ஊறுகாயும் இம்மியும் இடம்பெயராமல் அடுக்கும் அவள், தன் ஒரே மகள் இத்தோகாவின் நாட்களையும் அவ்வாறே அடுக்கி வைத்திருந்தாள். காலை ஆறரைக்கு ஊர்த்திடலில் வானொலி உடற்பயிற்சியும், வந்தமைக்கு அட்டையில் முத்திரையும். எட்டு மணிக்குச் சமையலறை மேசையின் தென்முனையில் பாடம். எதனையும் கடினமானதிலிருந்தே தொடங்கல். சுவரிலிருந்த மணிகாட்டி இவ்வாட்சியின் முதலமைச்சராய் விளங்க, அதனை ஒருமுறை நோக்காமல் கியோனோ ஒரு மிடறு நீரும் அருந்தினாளில்லை.

இவ்வளவு கண்டிப்புக்கும் ஒரு காயம் வேராயிருந்தது. தான் இரண்டாம் வகுப்பு பயின்ற ஆண்டில், நாளுக்கொரு பக்கமாக எழுத வேண்டிய படநாட்குறிப்பை அவள் விடுமுறையின் கடைசி நாளில் அழுதுகொண்டே எழுதி முடித்தாள். வானிலை கேட்ட கட்டங்களில் நாற்பத்திரண்டு நாளும் ‘தெளிந்த வானம்’ என்று நிரப்பினாள். அவற்றுள் ஒரு நாள், பள்ளி விளையாட்டுக் கூடத்தின் கூரையையே புயல் பெயர்த்துக்கொண்டுபோன நாள். ஆசிரியர் அப்பக்கத்தை வகுப்பறையில் உரக்கப் படித்தார். அன்றெழுந்த சிரிப்பு, முப்பதாண்டு கழிந்த பின்னும், சோறு அடுக்கும்போது சில வேளை அவள் காதில் விழுவதுண்டு.

ஆதலின், இப்போது இரண்டாம் வகுப்பிலிருந்த இத்தோகா, விடுமுறை தொடங்கிய நான்காம் நாளே, “எல்லாத்தையும் முடிச்சுட்டேன்மா” என்று சொன்னபோது, கியோனோவின் நெஞ்சு முழுநிலா கண்ட கடலெனப் பொங்கியது. கணக்கேடு முடிந்திருந்தது, எழுத்துப் பயிற்சி முடிந்திருந்தது. பெருமிதத்தோடு படநாட்குறிப்பைத் திறந்தாள். அதுவும் முடிந்திருந்தது, எட்டாம் திங்கள் முப்பத்தோராம் நாள்வரை.

“ஏண்டி, இன்னும் விடியாத நாளுக்கெல்லாம் எழுதி வெச்சிருக்க?”

“நீதானேம்மா சொன்ன, கஷ்டமானதை முதல்ல முடின்னு? நாட்குறிப்புதான் இருக்கறதுலயே கஷ்டம். தினம் தினம் எழுதணும்ல.”

“மழையா வெயிலான்னுகூடப் போட்டிருக்கியே!”

“பாதி பாதியாப் போட்டிருக்கேன்மா. பொறுப்பாத்தான் போட்டேன்.”

கியோனோ பக்கங்களைப் புரட்டினாள். எட்டாம் திங்கள் ஐந்தாம் நாள்: ‘மேகமூட்டம். அம்மா இன்று ஒருமுறைகூட மணி பார்க்கவில்லை.’ பதினான்காம் நாள்: ‘தெளிந்த வானம். அப்பா வந்தார். மூவரும் கப்பலேறித் தீவுக்குப் போய் நீந்தினோம்.’ அதன் மேலே ஒரு பெரிய மனிதரும், அவர் இருபுறமும் சிவப்பு நீச்சலுடையில் இரு சிறு உருவங்களும், மூவரினும் பெரிய ஒரு கதிரவனும். பதினாறாம் நாள்: ‘மழை. அப்பா திரும்பிப் போனார். நான் அழவில்லை.’

அப்பாவாகிய தத்தேகி, மின்தூக்கி பழுதுபார்க்கும் நிறுவனத்தால் வடகோடிச் சப்போரோவுக்குத் தனியே அனுப்பப்பட்டு ஓராண்டாயிற்று. முன்னோர் இல்லம் திரும்பும் ஓபோன் நாட்களில் தாமும் திரும்புவதாகச் சொல்லியிருந்தார். அன்றைய வெயிலுக்கு மட்டும் யாரும் உறுதி தந்திருக்கவில்லை.

“எல்லாத்தையும் அழி.”

“மெழுகு வண்ணம்மா, அழியாது. தேய்ச்சா அப்பாதான் கிழிவாரு.” சற்று எண்ணிப் பார்த்துவிட்டு அச்சிறுமி வழியொன்று கூறினாள். “எழுதினபடியே நடந்துக்கிட்டா போச்சு!”

நண்பரே, புதிய ஏடொன்று வேண்டுமென மகளின் வகுப்பாசிரியை குவாத்தாவிடம் கேட்டிருந்தால் அக்கணமே இது தீர்ந்திருக்கும். ஆயின் அன்று காலை உடற்பயிற்சித் திடலில், பிற அன்னையர் அனைவரும் கேட்க, தன் மகள் பாடமெல்லாம் முடிக்கப்போவதைக் கியோனோ பறைசாற்றிவிட்டிருந்தாள். ஆகவே மகள் சொன்ன வழியே வழியாயிற்று.

அன்றே அவ்வீட்டிலிருந்து அமைதி குடிபெயர்ந்தது. தர்ப்பூசணி உண்டதாக எழுதிய நாளில் தர்ப்பூசணி தேடி மூன்று கடை ஏறி இறங்கினாள் கியோனோ. வெள்ளைப் பூனையைக் கண்டதாக எழுதிய நாளில், பூனைகளுக்குக் குறைவில்லாத அவ்வூரின் படிகளெங்கும் கருப்பும் செம்பட்டையுமே குறுக்கிட, வெயிலில் வெந்து வெந்து அலைந்தாள். மழையென எழுதிய நாளில் வானம் வெளுத்தால் அதனைக் கடன்பட்டவனைப்போல் முறைத்தாள். ஐந்தாம் நாள் மணிகாட்டியைக் காணாதிருக்க அதன்மேல் துணி போர்த்தினாள். பின்பு துணியை விலக்கி விலக்கிப் பார்த்தாள். இத்தோகாவோ விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தாள்.

பதின்மூன்றாம் நாள் நண்பகலில் தொலைபேசி ஒலித்தது.

“புயல் வருதாம். ப்ளேன் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க,” என்றார் தத்தேகி.

“நிறுத்தினா? நீங்க நாளைக்கு நீந்தியாகணும்!”

“கியோனோ, நான் ஏர்போர்ட் தரையில படுத்திருக்கேன். இங்கேயே நீந்தட்டுமா?”

“வெளையாடாதீங்க. நாட்குறிப்புல எழுதியாச்சு.”

“யாரு எழுதினா? வானிலை ஆபீஸா?” என்றார். பின்பு தாழ்ந்த குரலில், “குழந்தைகிட்ட எப்படிச் சொல்லப் போற?” என்று கேட்டார்.

தொலைபேசியை வைத்துவிட்டுச் சன்னலடைப்புகளை இழுத்துச் சாத்தினாள் கியோனோ.

மறுநாள் காற்று மலைச்சரிவின் சன்னலடைப்புகளையெல்லாம் ஒன்றாய்ப் பற்றி உலுக்கிற்று. கடல் எழுந்து கரையை அறைந்தது. கப்பல்கள் கட்டுக்கயிறுகளை முறுக்கிக்கொண்டு முனகின. இத்தோகா சிவப்பு நீச்சலுடை அணிந்து மேசையின் தென்முனையில் வந்தமர்ந்தாள். திறந்த ஏட்டில் அப்பெருங்கதிரவன் ஒளிவீசிக்கொண்டிருந்தான்.

“அப்பா வரமாட்டாரா?”

“இன்னிக்கு வரமுடியல.”

சிறுமியின் கீழுதடு துடித்தது. ஆயினும் அவள் அழவில்லை. அழுகைக்கு அந்நாளில் எழுத்துச் சான்று இல்லை. “அப்போ இதை இப்படியே குடுத்துடலாம்மா. டீச்சருக்கு எப்படித் தெரியும்? வெயிலை மட்டும் மாத்திட்டா போதும்,” என்றாள்.

தான் முப்பதாண்டாக எந்தப் படுகுழியைச் சுற்றி வேலி கட்டினாளோ, அதன் விளிம்புக்கே தன் மகளை, அவ்வேலியையே பிடித்து நடக்கவிட்டு, தானே கொண்டுவந்து நிறுத்தியிருப்பதைக் கியோனோ கண்டாள். பழக்கத்தைக் கற்பித்தவள், அது எதற்கென்று மட்டும் சொல்லாதிருந்துவிட்டாள்.

அவள் அமர்ந்தாள். எவர்க்கும் சொல்லியிராத அக்கதையை, கூரை பறந்த நாளையும் ‘தெளிந்த வான’த்தையும் வகுப்பறைச் சிரிப்பையும், ஒன்று விடாமல் சொன்னாள்.

இத்தோகா வாய்பிளந்து கேட்டாள். “கூரையே போச்சா? நீ வெயில்னு எழுதினியா?”

“ம்.”

“அம்மா, நீ என்னைவிட மோசம்!” என்று சொல்லி அச்சிறுமி விழுந்து விழுந்து சிரித்தாள். அச்சிரிப்பினூடே, அதுகாறும் தேக்கியிருந்த அழுகையும் உடைந்து வந்தது. கியோனோ அவளை மடியிலிருத்தி, இரண்டும் ஓயுமளவும் காத்திருந்தாள். பின்னர் உணவுப்பெட்டி பொதியும் வெள்ளைத் தாளைக் கொணர்ந்து, பக்கத்தின் அளவுக்குத் துண்டு துண்டாய் நறுக்கினாள். நடவாத பக்கத்தின்மேல் நடந்ததை ஒட்டலாயினர். தர்ப்பூசணி அப்படியே நின்றது. வெள்ளைப் பூனை செம்பட்டையாயிற்று.

“அஞ்சாம் தேதிக்கும் ஒண்ணு வெட்டு,” என்றாள் மகள்.

“ஏன், எத்தனை தடவை பாத்தேன்?”

“பதினொண்ணு. விரல் பத்தலம்மா.”

கடைசியாகப் பதினான்காம் நாள் வந்தது. கதிரவனின்மேல் தாளை ஒட்டி, நாக்கைப் பல்லிடை வைத்துக்கொண்டு இத்தோகா எழுதினாள்: ‘புயல். அப்பா வரவில்லை. அம்மா ஒரு கதை சொன்னார். மணி பார்க்கவில்லை.’

கியோனோ திடுக்கிட்டாள். சுவரில் மணிகாட்டி பழுதின்றி ஓடிக்கொண்டுதான் இருந்தது. இப்போது மணி என்னவென்று பார்க்க எழுந்த கண்களை அவள் பாதிவழியில் மடக்கி, மகளின் கோணல் எழுத்தின்மேல் மீண்டும் வைத்தாள்.

தத்தேகி பதினாறாம் நாள் காலை, புயல் துடைத்த நீலவானின்கீழ், எண்பத்தேழு படிகளையும் மூச்சிரைக்க ஏறி வந்தார். ஓபோன் கழிந்த கடலில் கொட்டும் சொறிமீன் மொய்த்திருந்தமையால் தீவுக்கரையில் கால்களை மட்டும் நனைத்தனர். அன்றைக்கும் ஒரு துண்டு வேண்டியிருந்தது: ‘தெளிந்த வானம். அப்பா வந்தார். அழுதேன்.’

அதன்பின் எஞ்சிய பக்கங்களை நாள்தோறும் மாலையில், அந்நாள் முடிந்த பின்பே, இத்தோகா திறந்தாள். விடுமுறை கழிந்து அவ்வேடு பள்ளிக்குச் சென்றபோது, ஒட்டுத்தாள்களால் உப்பி, மூட மறுத்து, மழையில் நனைந்த மெத்தைபோல் இருந்தது. ஒரு கிழமை கழித்துக் குவாத்தா ஆசிரியையின் சிவப்பு மைப் பூவோடு அது திரும்பி வந்தது. பூவின் கீழே ஒரேயொரு வரி: ‘வானிலை அனைத்தும் சரி.’

அடுப்பில் அரிசி பொங்கி வழிவதையும் அறியாது கியோனோ அவ்வரியை நெடுநேரம் நோக்கி நின்றாள். நாட்களை அடுக்கி வைக்கும் பழக்கம் நல்லதே, நண்பரே. மாலையில் அந்த அடுக்கைத் திறந்து, உள்ளே இருப்பது இன்னதென்று கூசாமல் எழுதும் பழக்கமும் அதனோடு வளர்ந்தாக வேண்டும். முப்பதாண்டுக்கு முன் கூரை பறந்த ஒரு நாளின் மழை, அன்றுதான் அவளுக்கு மெல்ல ஓய்ந்தது.