பிரதிவாதியின் இன்னொரு பெயர்

1.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. போன் சார்ஜ் போடப் போன இடத்தில் ஒட்டுக்கேட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் நண்பர் மகள் கல்யாணம். சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வந்தால் ரயில் அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தது. போனும் அணைந்துவிட்டது. (வேப்பம்பட்டுக்குப் போக எனக்கு இரண்டு ரயில் மாற வேண்டும். போன் இல்லாமல் ஆகாது.) எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருந்தது. கடைக்காரர் ஜோசப் பிளக்கைக் காட்டினார், வாசலில் ஒரு ஸ்டூலும் போட்டார்.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் ஓர் இளம் வக்கீல், கறுப்புக் கோட்டை மடித்து மடியில் வைத்தபடி. ஜோசப் அவரை நர்மதா மேடம் என்று கூப்பிட்டார். பக்கத்தில் சேலைக்கு மேல் கம்பெனிச் சட்டை போட்டிருந்த ஒரு பெண். நாற்பதைத் தாண்டியவர். நர்மதா அவருக்காக ஒரு புது சிவில் வழக்கை இணையம் வழியாகத் தாக்கல் செய்துகொண்டிருந்தார். வாதியின் பெயர், வயது, முகவரி எல்லாம் ஏறிவிட்டது.

"பிரதிவாதி பேரு சொல்லுங்கக்கா," என்றார் நர்மதா.

அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. யாரோ வந்து ஆதார் நகல் எடுத்துப் போனார்கள். இன்னொருவர் வந்து பாஸ்போர்ட் போட்டோ கேட்டு, இல்லை என்றதும் போனார். அந்தப் பெண் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் திரைக்கே பொறுமை போய்விட்டது. மறுபடி முதல் பக்கத்துக்குப் போய்க் கடவுச்சொல் கேட்டது.

"அக்கா, சைட்டு நம்மள வெளிய தள்ளிடுச்சு."

யார் மேல் வழக்கு என்று தெரியாமலா ஒருவர் வழக்குப் போட வருவார்? இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கீழே வருவதில் பாதி என் காதில் விழுந்தது, பாதி நான் கட்டியது. எது எது என்று அங்கங்கே சொல்கிறேன். சொல்ல மறந்த இடங்களில் சந்தேகப்பட உங்களுக்கு உரிமை உண்டு.

2.

எங்கே தொடங்குவது?

முதல் வரைவு: "சுவர் எழும்பியபோது செண்பகம் ஷிப்டில் இருந்தாள். திரும்பி வந்து பார்த்தால் அவள் வீட்டுக்கு…"

[விட்டுவிட்டேன். செண்பகம் என்பது அந்தப் பெண்ணுக்கு நான் வைத்த பெயர். முதல் வரியிலேயே சுவரை எழுப்பினால் வாசகரும் அந்தப் பக்கமே நின்றுவிடுவார்.]

இரண்டாம் வரைவு: "சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு இப்பகுதியின் விவசாயக் கூலிக் குடும்பங்கள் படிப்படியாகத் தொழிற்சாலைகளை நோக்கி…"

[கட்டுரை. தூக்கம் வருகிறது.]

மூன்றாம் வரைவு: "மோசஸுக்கு இரண்டு பிள்ளைகள், நான்கு பெயர்கள்."

[இது பரவாயில்லை. வைத்துக்கொள்கிறேன்.]

வக்கீல்களுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்திருந்தேன். அவர்களுக்கும் உண்டு. வழக்குக்கான காரணம் எந்த நாளில் எழுந்தது என்று தேதி போட்டாக வேண்டும். மறுபடி அந்தத் தளத்துக்குள் நுழைய ஓ.டி.பி. குறுஞ்செய்தி வருவதற்காகக் காத்திருந்த நேரத்தில் நர்மதா அதைக் கேட்டார்.

"எந்த நாளுன்னு சொல்றது மேடம்? மொதல்ல கல்லு எறக்கினான். அப்புறம் மணலு. நம்ம தம்பிதானேன்னு நானும் அதும் மேலயே ஏறி எறங்கிப் போய்க்கினு வந்துக்கினு இருந்தேன்."

நர்மதா சுவர் முடிந்த தேதியைக் குறித்துக்கொண்டார். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. நான் அப்பனிலிருந்து தொடங்குகிறேன்.

3.

மோசஸுக்கு இரண்டு பிள்ளைகள், நான்கு பெயர்கள். கோயிலில் ஏஞ்சலின், தானியேல். (அந்தத் தெருவில் சர்ச்சையும் கோயில் என்றுதான் சொல்வார்கள்.) பள்ளிக்கூடத்தில் செண்பகம், லோகநாதன். அங்கே பாதி வீடுகளில் இப்படித்தான். சான்றிதழில் இந்து என்று இருந்தால்தான் பட்டியல் சாதிக்கான ஒதுக்கீடு கிடைக்கும். ஞானஸ்நானம் வாங்கியது தெரிந்தால் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். சேரித்தெரு என்று ஊர் சொல்வது மட்டும் போகாது. அதனால் பிள்ளைக்கு ஆளுக்கு இரண்டு பெயர். பொய் சொல்கிறோம் என்று அங்கே யாரும் நினைப்பதில்லை. வேலைக்கு ஒரு சட்டை, கோயிலுக்கு ஒரு சட்டை, அவ்வளவுதான்.

மோசஸ் ஒரே ஒரு இடத்தில் தவறிவிட்டார். சாகுமுன் தன் மனையைப் பிரித்து எழுதி வைத்தார். முன்பாதி மகனுக்கு, பின்பாதி மகளுக்கு, ஓரமாக ரோடு வரைக்கும் ஒரு சந்து இருவருக்கும் பொது. பத்திரம் எழுதுகிறவர் பிள்ளைகளின் பெயரைக் கேட்டபோது மோசஸ் யோசிக்கவே இல்லை.

"இஸ்கூலு சர்க்காரோடது, அங்க சர்க்கார் பேரு. மனை கர்த்தர் குட்த்தது. கோயில் பேரையே போடு நைனா."

வாழ்நாளில் அவர் எழுதியது அந்த ஒரு பத்திரம்தான். அதிலாவது ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்று ஆசைப்பட்டிருக்கிறார், பாவம்.

[பத்திரத்தில் கோயில் பெயர் இருந்தது நிஜம். ஏன் இருந்தது என்பது என் கட்டுமானம். இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.]

மகன் லோகநாதன் படித்தான். அரசுப் பள்ளியில் ஆய்வக உதவியாளர் ஆனான். அதற்கான சாதிச் சான்றிதழ் வாங்க அவனோடு தாலுகா ஆபீசுக்கு அலைந்தவள் அக்கா செண்பகம்தான். அவளுக்கு சிப்காட்டில் கான்ட்ராக்ட் வேலை. பின்வீட்டில் அவளும் கணவன் பீட்டரும்.

வடக்கேயிருந்து வேலைக்கு வருகிறவர்கள் பெருகியதும் ஊரில் ஆளாளுக்கு வாடகை அறைகள் கட்டினார்கள். லோகநாதனும் வரிசையாகக் கட்டினான். கடைசி அறைக்கு இடம் போதவில்லை. பொதுவாக இருந்த சந்து இடத்தையும் சேர்த்துக்கொண்டு சுவர் எழுப்பினான்.

இப்போது செண்பகம் வீட்டுக்குப் போகப் பின்பக்கக் கால்வாய்தான் வழி. குறுக்கே உடைந்த மின்கம்பம் ஒன்று கிடக்கிறது. அவள் அதன் மேல் கால் வைத்துத் தாண்டிவிடுவாள். பீட்டரால் முடியாது. போன வருஷம் ஹைவேயில் லாரி இடித்துத் தொடை எலும்பு நொறுங்கியவன், வாக்கர் பிடித்து நடக்கிறவன். சுவர் எழுந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேயே கிடக்கிறான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளில் நாலு பேர் அவனை நாற்காலியோடு தூக்கிக் கால்வாயைத் தாண்டினார்கள்.

"பொணத்தக்கூட இப்பிடித்தான் தூக்கினு போவாங்க, இல்ல?" என்று சிரித்தான் பீட்டர்.

செண்பகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாளே வக்கீலைத் தேடிப் போனாள்.

4.

[இந்தப் பகுதி முழுக்கக் கேட்டது. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.]

"லோகநாதன்னு போடுங்க மேடம்," என்றாள் செண்பகம், ஒருவழியாக.

நர்மதா தட்டச்சு செய்தார். பிறகு பத்திரத்தைப் புரட்டினார். "இதுல தானியேல்னு இருக்கேக்கா."

"அதுவும் அவன்தான்."

"அப்ப உங்களுக்குப் போட்ட மாதிரியே இவருக்கும் ரெண்டும் போடணும். லோகநாதன் என்கிற தானியேல்னு. இன்னொரு பேருக்குன்னு தனியா ஒரு கட்டமே குடுத்திருக்காங்க, பாருங்க."

"ஒண்ணு மட்டும் போட்டா இன்னா?"

"பத்திரத்துல சந்து பொதுன்னு இருக்கறது தானியேலுக்கு. ஆதாரு, கரண்ட் கனெக்‌ஷன், வீட்டு வரி எல்லாம் லோகநாதன். ரெண்டும் ஒரே ஆளுன்னு நாமதான் சொல்லியாகணும். இல்லன்னா அவங்க வக்கீல் இன்னா கேப்பாரு? பத்திரத்துல கீற தானியேல் யாரு, செவுரு கட்டின லோகநாதன் யாருன்னு கேப்பாரு. கேஸு அங்கியே படுத்துக்கும்."

செண்பகம் பத்திரத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். பிறகு, "இத யாரெல்லாம் பாப்பாங்க மேடம்?" என்று கேட்டாள்.

"முன்னல்லாம் கட்டு கட்டி ரேக்குல போட்டுடுவாங்க. இப்ப போன்லயே பேரு அடிச்சா வந்துடும். யார் வேணா பாக்கலாம்." நர்மதா பாதியில் நிறுத்தினார். அவருக்கும் அப்போதுதான் உறைத்தது. "தம்பி கவர்மெண்ட்டு வேலையா?"

"ம்."

"எஸ்.சி. கோட்டாவா?"

"அந்த சர்ட்டிபிகேட்ட கைல வாங்கினதே நான்தான் மேடம்."

"எவனாவது மொட்டக் கடுதாசி போட்டா விசாரணை வரும்க்கா. வேலைக்கே ஆபத்து. உங்ககிட்ட மறைக்கக் கூடாது, அதான் சொல்றேன்."

"பேஜாரா போச்சே," என்றாள் செண்பகம். கேலியாகச் சொல்லும் சொல்தான். அவள் குரலில் கேலி இல்லை.

5.

போனை எடுத்துக்கொண்டு அவள் கடை வாசலுக்கு வந்தாள். நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். எழுந்து போவதுதான் நாகரிகம். போனில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் பேசியது மட்டும் காதில் விழுந்தது. தம்பியின் பேச்சு நான் எழுதியது.

"டேய், கடைசியா கேக்கறேன். அந்த ரூமு செவுத்த எட்துடு. உங்க மாமாவால வெளிய வர முடியலடா."

"இன்னாக்கா, வக்கீலாண்ட கீறியா?"

"ஆமா. உன் பேரு கேக்கறாங்க."

"குடேன். எந்தப் பேர குடுப்ப?"

அவள் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தாள். மறுபடி காதில் வைத்தாள்.

"அப்ப தெரிஞ்சேதான் கட்னியா? அக்கா எழுத மாட்டான்னு தெரிஞ்சேதான் கட்னியாடா?"

[இந்த வாக்கியம் என் காதால் கேட்டது. அதற்கு முன் தம்பி கேட்டதை இதிலிருந்துதான் ஊகித்தேன்.]

லோகநாதனைக் கொஞ்சம் நல்லவனாக்க முயன்றேன். பிள்ளைகளைக் கொடுத்துப் பார்த்தேன், வேலையில் மேலதிகாரியின் கொடுமையைக் கொடுத்துப் பார்த்தேன், மாமாவுக்குப் பழம் வாங்கி அனுப்பவும் வைத்தேன். எதுவும் ஒட்டவில்லை. அக்காவின் பாசம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்து அதன் மேலேயே சுவர் வைத்தவனுக்கு நான் என்ன செய்ய முடியும்? எனக்கு அவன் மேல் கோபம்தான் வருகிறது. எழுதுகிறவன் நடுநிலையாக இருக்க வேண்டும் என்பார்கள். இருந்து காட்டட்டும்.

ஆனால் அவளுக்கு என்னைப்போல ஒரே கோபம் மட்டும் இருந்திருக்க முடியாது. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும். போனை வைத்த பிறகு அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெயிலும் அடித்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

6.

முடிவுகள்.

அ) ஒரு பெயரை மட்டும் எழுதுகிறாள். தம்பியின் வேலை பத்திரமாக இருக்கிறது. நர்மதா சொன்னபடியே வழக்கு அங்கேயே படுத்துக்கொள்கிறது. பீட்டர் நாற்காலியில், நாலு பேர் தோளில்…

ஆ) இரண்டு பெயரையும் எழுதுகிறாள். வழக்குக்கு எண் கிடைக்கிறது. சந்து திறக்கிறது. பீட்டர் வாக்கரை ஊன்றி, ஒவ்வோர் அடியாக ரோடு வரைக்கும் வந்து டீக்கடையில் உட்காருகிறான். சில மாதம் கழித்து யாரோ ஒருவர், எந்தக் காரணமும் இல்லாமல், சும்மா, போனில் லோகநாதன் என்று அடித்துப் பார்க்கிறார். அத்துடன் அவன் வேலையும் அவன் வீட்டு அடுப்பும்…

இ) அவள் வழக்கே போடவில்லை. தம்பி மனம் திருந்தி, கண்ணீரோடு, சுவரைத் தானே…

[இ-யை அடித்துவிட்டேன். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆகும்.]

ஈ) தாக்கல் செய்யாமல், இரண்டு பெயரும் ஏற்றிய வழக்குரையின் நகலை மட்டும் தம்பிக்கு அனுப்பிவைக்கிறாள். மிரட்டிப் பார்க்க. அவன் பயந்து சுவரை எடுத்துவிடுகிறான். இது நடக்கக்கூடியதுதான். நான் மூன்று நாள் இதையே முடிவாக வைத்திருந்தேன். பிறகு, அந்த வாசலில் நின்ற முகம் மிரட்டுகிற முகமா என்று யோசித்தேன். இல்லை.

7.

நடந்ததைச் சொல்கிறேன். அவள் உள்ளே போனாள், உட்கார்ந்தாள். நர்மதாவின் காதருகில் குனிந்து ஏதோ சொன்னாள். நர்மதா நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லா யோசிச்சீங்களாக்கா?"

"யோசிச்சாச்சு மேடம். அடிங்க."

நர்மதா அடித்தார். என் ஸ்டூலிலிருந்து திரை தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. ரயில் வருவதாக அறிவிப்புக் கேட்டது. போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

வீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதிய பிறகுதான் தோன்றியது. இதற்கு எதற்கு இத்தனை கற்பனை? பதில் என் கையிலேயே இருக்கிறதே. போனில் நீதிமன்றத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். மாவட்டம், நீதிமன்றம், ஆண்டு. காதில் விழுந்த தம்பியின் பெயரை, அவனுடைய உண்மையான பெயரை, அடித்தேன். நான் இயந்திரம் இல்லை என்று காட்ட, படத்தில் இருந்த கோணல் எழுத்துகளையும் பார்த்துப் பார்த்து அடித்தேன். கடைசிப் பொத்தான் ஒன்றுதான் பாக்கி.

விரல் அங்கே போகும்போதுதான் உறைத்தது. ஆ முடிவில், எந்தக் காரணமும் இல்லாமல், சும்மா அடித்துப் பார்க்கிற அந்த ஆள் நான்தான். செண்பகம் யாரை நினைத்துப் பயந்து அத்தனை நேரம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாளோ, அவன் வாசலில் ஸ்டூல் போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. கெட்ட எண்ணம் எதுவும் எனக்கு இல்லை, கதை ஆசைதான். கேட்டால் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

பொத்தானை அழுத்தவில்லை. ஆகையால் முடிவு எனக்கும் தெரியாது.

உங்களாலும் தேட முடியாது. லோகநாதனும் தானியேலும் நான் வைத்த பெயர்கள். ஊரையும் கொஞ்சம் நகர்த்தியிருக்கிறேன். ஆனால் கட்டம் காலியாகக் கிடக்கிறது, யாராவது நிரப்பத்தான் வேண்டும். பீட்டர் உங்களுக்குப் புருஷன் இல்லை. லோகநாதன் உங்களுக்குத் தம்பி இல்லை. உங்களுக்குச் சுலபம். எழுதுங்கள்.

பிரதிவாதியின் இன்னொரு பெயர்: