நெஞ்சில் கை வைத்தவர்

நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். நிஜமாகவே கையைத் தூக்கி அங்கே வைக்கிறவர் எதிர்க்கட்சிப் பேச்சாளர் ஒருவர்தான். நாலு வருஷமாகச் சாயங்காலம் தவறாமல் தொலைக்காட்சி விவாதத்தில் அவர் பார்க்கிற உத்தியோகமே அதுதான். "ஏழைகளை நினைச்சா என் நெஞ்சு வலிக்குதுங்க!" என்பார். எதிரே இருப்பவரை வாய் திறக்க விட்டால்தானே? ஊரே அவரை நெஞ்சுவலிக்காரர் என்று கூப்பிட்டது. அதில் அவருக்குப் பெருமை வேறு.

அவருடைய எல்லாச் சட்டையிலும் இடப்பக்கம் மட்டும் கைபட்டுக் கைபட்டு அழுக்கேறியிருக்கும். அதைத் தேய்த்துத் தேய்த்து வெளுக்க வைப்பதற்குள் மனைவிக்குத்தான் போதும் போதும் என்றாகிவிடும்.

அன்றைக்கு விவாதம் புது மருத்துவக் காப்பீட்டு மசோதாவைப் பற்றி. விஷயம் ஒன்றுதான். இந்த நோய் உனக்கு முன்பே இருந்தது என்று கையை விரிக்க இனி எந்தக் காப்பீட்டுக் கம்பெனிக்கும் உரிமை இல்லை. மறுநாள் ஓட்டெடுப்பு.

"வீடு பத்திக்கிட்டு எரியும்போது ஓடி வந்து இன்சூரன்ஸ் கேட்டா கொடுப்பாங்களா?" என்று பேச்சாளர் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். "நோயை மறைச்சு வச்சு ஏமாத்துறவனுக்கு நாம ஏன் அழணும்? நெஞ்சில கை வச்சுச் சொல்றேன்..."

கை நெஞ்சுக்குப் போனது. பேச்சு நின்றது.

வீட்டில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி கத்தியைக் கீழே வைத்தாள். தூக்கத்தில்கூட மறுப்புத் தெரிவிக்கிற மனிதர் அவர். பேச்சு பாதியில் நின்று அவள் பார்த்ததே இல்லை.

"வலிக்குது" என்றார் திரையில். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

விவாதத்தை நடத்துகிறவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மசோதாவுக்கு ஆதரவாகப் பேச வந்திருந்த அம்மாள், "இந்த நாடகமெல்லாம் போதும் சார்" என்றார். அந்த அம்மாள் டாக்டருக்குப் படித்தவராம்!

மனைவி பதறிப்போய்த் தொலைக்காட்சி நிலையத்துக்குப் போன் போட்டாள். "அவருக்கு நிஜமாவே வலிக்குதுங்க! யாராவது ஓடிப்போய்ப் பிடிங்களேன்!"

"இங்க எல்லாருமே அழுதுட்டோம்மா. பிரமாதம்!" என்றாள் வரவேற்பறைப் பெண்.

"அடிப்பாவி!"

நல்ல வேளை, விளம்பர இடைவேளையில் மைக்கைக் கழற்ற வந்தவர், பேச்சாளரின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருப்பதைப் பார்த்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். உயிர் தங்கியது. ஆனால் அடைப்பு பெரிது, ஆபரேஷனைத் தள்ளிப்போட முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துக் காப்பீட்டுக் கம்பெனி அதிகாரி வந்தார். மனைவிக்கு அப்பாடா என்றிருந்தது. அவர் மரியாதையாக நலம் விசாரித்துவிட்டுப் போனை நீட்டினார். அதில் பேச்சாளர், போன மாதமும் அதற்கு முந்தின வருஷமும் அதற்கும் முந்தின வருஷமும், விதவிதமான சட்டையில், "என் நெஞ்சு வலிக்குதுங்க!" என்று உருகிக்கொண்டிருந்தார்.

"பாலிசி எடுத்தது போன வருஷம்தான்மா. வலி அதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. மறைச்சுட்டீங்களே. இதுக்கு நாங்க பொறுப்பு இல்லை."

"ஐயோ, அதெல்லாம் சும்மா பேச்சுக்குச் சொன்னதுங்க!"

"நெஞ்சில கை வச்சுத்தானேம்மா சொல்லியிருக்கார்?" என்ற அதிகாரி, போன் கேமராவைக் கட்டில் பக்கம் திருப்பினார்.

அவளுக்கு அந்தப் போனைப் பிடுங்கிச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது. ஆத்திரம் அதிகாரி மேலா, கட்டிலில் கிடப்பவர் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை.

கட்டிலிலிருந்து ஈனக்குரல் கேட்டது. "அந்த மசோதா... அது வந்துட்டா இப்படிச் சொல்ல முடியாதே. ஓட்டெடுப்பு என்னாச்சு?"

"தோத்துப்போச்சு" என்றாள் மனைவி. "நீங்க பேச முடியாம நின்னதைப் பார்த்து உருகிப்போய், ஆளுங்கட்சிக்காரங்களே சில பேர் மாத்திப் போட்டுட்டாங்களாம். உங்களாலதான் ஜெயிச்சோம்னு உங்க தலைவர் மாலை அனுப்பியிருக்கார்."

பேச்சாளர் முகம் சட்டென்று மலர்ந்தது. பழக்கதோஷம். அப்புறம்தான் விஷயம் உறைத்தது. கை தானாக மேலே எழும்பியது.

மனைவி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வீட்டை வித்தாவது உங்களைக் காப்பாத்திடுறேன். கையை மட்டும் கீழ போடுங்க. அந்தாளு இன்னும் போனை அணைக்கலை."