பஞ்சை மிதித்ததுபோல் ஒரு பெடல்

பழைய பிரேக்கிலும் கார் நிற்கத்தான் செய்தது; நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி நின்றது. அதனால்தான் ஜீவகன் தன் சின்னச் சிவப்புக் காரின் முன்சக்கரங்களுக்குப் பெரிய டிஸ்க்குகளையும் அவற்றைக் கவ்விப் பிடிக்கும் காலிபர்களையும் வாங்கி, வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத் தானே மாட்டினான். மாட்டியதிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மிதித்தால் கல்போல நிற்க வேண்டிய பெடல், பஞ்சை மிதித்ததுபோல் உள்ளே போயிற்று.

பிரேக் ஆயிலில் காற்று இருந்தால் அப்படி ஆகும். ஏர் எடுத்தான். விடிந்ததும் சக்கரத்தைக் கழற்றி மறுபடி எடுத்தான். குமிழி வருவது நின்றது, பெடல் மாறவில்லை.

அன்று அக்கா அனந்திக்குத் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை வேலைக்கு நேர்காணல். அவன் காரில் போகப் புடவை கட்டிக்கொண்டு தயாராக வந்து நின்றாள்.

பெடல் மிதித்துக் கொடுக்க வந்திருந்த நண்பன் ஜேம்ஸ், "நல்லாத்தான் மச்சான் இருக்குது. ஓட ஓட செட் ஆயிடும்" என்றான்.

"அவன் கேஸ் சிலிண்டரை மூடிட்டுப் படுத்துட்டு, திரும்ப எழுந்து போய்ப் பாக்குற ஆளு. அவனைக் கேட்டா கார் இன்னிக்குக் கெளம்பாது" என்று சிரித்தாள் அனந்தி.

ஜீவகனுக்கு அதுதான் சங்கடம். கோளாறு பிரேக்கிலா, தன்னிடமா? எதையும் நம்பாதவன் பேச்சை யார் நம்புவார்கள்? இன்றைக்கு அமாவாசை வேறு. செஞ்சியைத் தாண்டும்வரை மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகும் கூட்டம் ரோட்டில் நிற்கும். பிள்ளைகள் கையை உதறிக்கொண்டு குறுக்கே ஓடும்.

சாவியைச் சட்டைப்பையில் போட்டான். "அக்கா, நீ பஸ்ல போ."

"இன்னாது? இந்தக் கூட்டத்துல கசங்கிப் போய் எறங்கவா?"

"திட்டிக்கோ. இதுல உன்னை ஏத்த மாட்டேன்."

அனந்தி கோபத்தோடு கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கழற்றியிருந்த சக்கரத்தின் இடத்தில் குனிந்தாள். "அப்டி இன்னாதான்டா பண்ணி வச்சிருக்க? உள்ள இருக்குற காத்து எது வழியா வெளிய வரணும்?"

காலிபரின் அடியில் இருந்த நிப்பிளை, காற்றைத் திறந்துவிடும் சின்னத் திருகை, காட்டினான்.

"காத்து மேல ஏறுமா, கீழ எறங்குமா?"

ஜீவகன் காலிபரை மறுபடி பார்த்தான். நிப்பிள் மேலே இருக்க வேண்டும். இடது காலிபரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருக்கிறான். எத்தனை முறை எடுத்தாலும் மேலே தங்கிய காற்று வரவே வராது.

"நல்லா இருக்குன்னு நான் வேற சொன்னேனே" என்று ஜேம்ஸ் தலையில் கை வைத்தான்.

"மாத்த எவ்ளோ நேரம் ஆவும்?" என்று கேட்டாள் அனந்தி.

"மாத்திடலாம். ஆனா நான் தனியா ஓட்டிப் பாக்காம நீ ஏறக் கூடாது."

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "ஜேம்ஸ், பஸ் ஸ்டாண்டுல வுடு. உன் பைக்குலயாவது பிரேக் இருக்குதா?"

"இருக்கும் யக்கா" என்று ஜேம்ஸ் பைக்கில் ஏறி உட்கார்ந்தான்.

"இருக்குமா?" ஜீவகன் எழுந்து வந்து பைக்கின் குறுக்கே நின்றான். "எறங்குடா. நான் பாக்குறேன்."