கதவுள்ள சாலை

நெருப்பெரிச்சல் ஊரில் பனியன் கம்பெனி நடத்திய ஆத்தப்பன் காலமான பதினாறாம் நாள், அவருடைய உயிலை மகள் ஜனனி எங்கள் முன் படித்தாள். அதை நிறைவேற்றும் பொறுப்பை அவர் அவளிடமே ஒப்படைத்திருந்தார். சாட்சிக் கையொப்பம் இட்டவர்களுள் ஒருவன் என்ற முறையில் நானும் சென்றிருந்தேன்.

கம்பெனி, மகன் சசிகுமாருக்கு. உயிலில் குறிப்பிடாத சொத்தெல்லாம் ஜனனிக்கு. இடையில் ஒரு வரி: "வடக்குச் சாலை, கதவு நிலவு சகிதம், மருதாளுக்கு."

மருதாள் முப்பது ஆண்டுகளாக ஆத்தப்பனின் தோட்டத்தில் வேலை செய்பவள். தோட்டத்தின் வடமூலையில் உள்ள ஓட்டுச் சாளையில் குடியிருக்கிறாள். தோட்டத்து வீட்டை எங்கள் பக்கத்தில் சாளை என்போம்; வாசற்காலை நிலவு என்போம். தட்டச்சு செய்தவர் ளகரத்துக்கு லகரம் போட்டுவிட்டார். முப்பத்துநான்கு ஆண்டுகள் தமிழ் கற்பித்த நானும் அதைப் படித்துப் பார்த்தே கையொப்பம் இட்டிருந்தேன்.

சசிகுமார் சிரித்தான். "வடக்கால இருக்கிற சாலை கார்ப்பரேஷன் ரோடு அம்மிணி. அதை எழுதிவெக்க அப்பாவால முடியுமா? அந்த வரி செல்லாது. சாளை உனக்குத்தான் வரும். எனக்கு விட்டுக்குடு, மெஷின் போடோணும்."

வாசற்படியில் நின்ற மருதாள், "ரோடு எனக்குன்னா லாரிக்காரங்க எல்லாம் என்னையக் கேட்டுட்டுத்தானுங்களே போகோணும்?" என்றாள். சொல்லும்போதே அவள் விரல்கள் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தன.

நான் வெட்கத்துடன் பேனாவை எடுத்தேன். "நான் பாக்காம விட்ட தப்பு கண்ணு. இங்கயே திருத்திடறேன்."

ஜனனி உயிலைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டாள். "இது கட்டுரை நோட்டு இல்லீங்கய்யா. எழுதுனவரு போயிட்டாரு. இதுல ஒரு புள்ளி வெக்கக்கூட நமக்கு உரிமை இல்லீங்க."

அவ்வரியை மீண்டும் மெல்லப் படித்தாள். பிறகு தமையனைப் பார்த்தாள்.

"ஏனுங்கண்ணா, எந்த ரோட்டுக்குக் கதவும் வாசக்காலும் இருக்குது?"

சசிகுமாரின் சிரிப்பு நின்றது. "உனக்கு வர்றதை நீயே வேண்டாங்கறியா?"

"எனக்கு என்ன வருதுன்னு பாக்கறதுக்கு அப்பா என்னையப் போடலீங்கண்ணா. அவரு சொன்னதைச் செய்யத்தான் போட்டிருக்காரு."

அடுத்த இரண்டு வாரங்களில் அவள் சாளையை அளந்து நான்கெல்லை எழுதினாள். ஆத்தப்பன் கருதியது குடியிருப்பையே என்று என்னிடமும் மற்றொரு சாட்சியான சிவராஜிடமும் தனித்தனியே எழுதி வாங்கினாள். தனக்கு அதில் உரிமை இல்லை என்று முதற் கையொப்பத்தைத் தானே இட்டாள்.

தமையனிடம் அவள் வாதாடவில்லை. அத்தாள்களை அவன் மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். நான்காம் நாள் அவனே வந்தான். "கதவுன்னு எழுதிப்போட்டாரே மனுசன்!" என்று முணுமுணுத்துக்கொண்டே கையொப்பம் இட்டான்.

மருதாளுக்குரிய ஒப்புதல் பத்திரத்தை ஜனனி முதலில் என்னிடம் நீட்டினாள். "இந்தத் தடவை பொறுமையாப் படிங்கய்யா."

விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தேன். 'சாளை' என்றே இருந்தது. அதன்பின்னும் ஒருமுறை படித்தேன்.

மருதாள் பத்திரத்தை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டாள்.

"போச்சாதுங்க அம்மிணி, பரவால்லீங்க, லாரிக்காரங்க இனி என்னையக் கேக்காமயே போகட்டும்."