பங்குக் கிணற்றுப் பாட்டு

நீர்வேலி ஊரில் யார் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறார் என்பதை எவரும் கண்ணால் பார்த்து அறிந்ததில்லை, காதால்தான். மண்ணெண்ணெயில் ஓடும் இறைப்பு மெசின் படபடவென்று கத்தினால் ஒருவருடைய முறை நடக்கிறது. கத்தல் நின்றால் முறை முடிந்தது. அடுத்த பங்குக்காரர் சாப்பாட்டைப் பாதியில் விட்டென்றாலும் கிணற்றடிக்கு ஓடவேண்டும். பங்குக் கிணறுகளெல்லாம் எத்தனையோ காலமாய் இப்படித்தான் சண்டையில்லாமல் ஓடின.

நாகேஸ்வரியின் கிணற்றுக்கு மூன்று பங்கு. ஒன்று அவளுடையது, வாழை. இரண்டாவது இளையதம்பியருடையது, அவரும் வாழைதான், கோபம் மட்டும் மிளகாய். மூன்றாவது பங்கில் இரத்தினம்மா கத்தரி வைத்திருந்தார். மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்று ஊருக்கே கால் வீங்கிய அந்த வருடம், விவசாயிகள் சங்கம் ஒரு முடிவெடுத்தது: இனிச் சூரியனிடம் வாங்குவோம், அங்கே வரிசை இல்லை. மழையும் முன்னைப்போல் சொன்ன மாதத்தில் வருவதில்லை. மெசின் வெறிபிடித்து உறிஞ்சினால் கிணற்றில் உப்பு ஏறுகிறது. ஆளுக்கொரு கை போட்டு ஒரு சோலார் பம்ப் வாங்கினார்கள். அதை எந்தக் கிணற்றில் வைப்பது என்ற பேச்சு வந்ததும் நாகேஸ்வரி எழுந்து நின்றாள்.

"எங்கடை கிணத்திலை வையுங்கோ. நாங்கள் மூண்டு பேரும் சண்டை பிடிக்கமாட்டம்."

அன்றைக்கு அவள் நாக்கில் சனியன் இருந்திருக்க வேண்டும்.

பம்ப் நல்ல பம்ப்தான். குறை ஒன்றே ஒன்று, அது சத்தம் போடவில்லை. முதல் நாளே இளையதம்பியர் தன் முறையை முடித்து, சுவிச்சை நிறுத்தி, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துவிட்டார். நாகேஸ்வரி வீட்டு விறாந்தையில் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள். கத்தாதது நின்றால் எப்படிக் கேட்கும்? வெயில் சாய்ந்தபின் போய்ப் பார்த்தால் அவளுடைய வாய்க்கால் காய்ந்து கிடந்தது. இன்னொரு நாள் இரத்தினம்மா வந்து பார்த்தார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, ஆளைக் காணவில்லை. மனுசன் நிறுத்த மறந்துபோனார் என்று எண்ணித் தன் கத்தரிக்குத் திருப்பிவிட்டார். மறுகோடியில் மண்வெட்டியோடு தண்ணீருக்குக் காத்து நின்ற இளையதம்பியர் அன்று போட்ட கூச்சல், பழைய மெசினைத் தோற்கடித்தது.

ஒரு போன் எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கூச்சலோடு முகம் பார்த்துக் கதைப்பதையே விட்டவர்கள் போனில் என்னத்தைக் கதைப்பது?

சங்கத் தலைவர் ஆழ்வாப்பிள்ளை வந்தார். கோபிக்கத் தெரியாத மனுசன், அதுதான் பயம்.

"பரவாயில்லை நாகேஸ். உங்களுக்கு ஒத்துவரேல்லை எண்டால் மற்றக் கிணத்துக்காரர் கேட்டுக்கொண்டு நிக்கினம். வெள்ளிக்கிழமை வந்து கழட்டுறன்."

நாகேஸ்வரி மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். வாழை குலை தள்ளும் நேரம். பம்ப் போனால் திரும்ப மண்ணெண்ணெய், திரும்ப உப்பு. எல்லாவற்றிலும் மேலாக, நாலு பேர் முன்னால் கொடுத்த வாக்கு. தலைவர் போனபின் அவள் பம்பைத்தான் ஏசினாள்.

"ஒருக்கா இருமியாவது துலையன்."

சொன்னவள் அப்படியே நின்றாள். அதற்குத் தொண்டை இல்லை, சரி. நாங்கள் கொடுத்தால் என்ன?

அலுமாரிக்கு மேல் கிடந்த பழைய ரேடியோவைத் தூசி தட்டி எடுத்து, சோலார் பூட்டிய டிலக்ஷனைக் கூப்பிட்டாள். "தம்பி, பம்ப் ஓடேக்கை இது பாடவேணும். பம்ப் நிண்டால் இதுவும் வாயை மூடவேணும்."

"செய்யலாம் அக்கா. ஆனால் வெயில் மங்கினால் பாட்டும் நிண்டிடும்."

"நிக்கட்டும். நான் என்ன கச்சேரியே வைக்கிறன்?"

அவன் பம்பின் சுவிச்சோடு ரேடியோவை இணைத்து, பூவரச மரத்தில் ஒரு ஸ்பீக்கரையும் கட்டிவிட்டான்.

மறுநாள் காலை இளையதம்பியர் ஒன்றும் அறியாமல் சுவிச்சைப் போட்டார். "மரண அறிவித்தல்" என்றது மரம். மனுசன் மண்வெட்டியைப் போட்டுவிட்டு இரண்டு பாத்தி தாண்டிப் போய் நின்றார். ரேடியோ காலையில் வாசிக்கும் சாவுச் செய்திதான் அது என்று பிறகுதான் பிடிபட்டது. ஆனாலும் செத்தவர் யாரென்று கேளாமல் போவது மரியாதை இல்லையே. தலையில் கட்டிய துவாயை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி கடைசிவரை கேட்டார். செத்தவர் தெரிந்தவர் இல்லை. அதற்குள் முதல் பாத்தி மூழ்கிவிட்டது. வேலிக்குப் பின்னால் நின்ற நாகேஸ்வரி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள்.

ஆனால் அவருடைய ரேடியோ நின்ற கையோடு அவள் கிணற்றடிக்கு வந்தாள். அவளுடையது நின்றதும் இரத்தினம்மா வந்தார். ஒருவரோடொருவர் கதைக்காமலே முறை மாறியது.

வெள்ளிக்கிழமை ஆழ்வாப்பிள்ளை ஸ்பானரோடு வரும்போது தூரத்திலேயே சத்தம் கேட்டது. மூன்று பேரும் கிணற்றடியில் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். தலைவர் பெருமூச்சு விட்டுப் பம்படியில் குனிந்தார்.

"தலைவர், கையை எடுங்கோ," என்றார் இளையதம்பியர். "இது தண்ணிச் சண்டை இல்லை."

"பின்னை?"

"என்ரை முறையிலையும் இந்தப் பிள்ளை படப்பாட்டுத்தான் வைச்சிருக்கிறாள். எனக்குச் செய்தி வேணும்."

"எனக்குச் சாமிப் பாட்டு," என்றார் இரத்தினம்மா. "கத்தரிக்கும் அதுதான் நல்லம்."

தலைவர் நாகேஸ்வரியைப் பார்த்தார். "சண்டை பிடிக்கமாட்டம் எண்டு சொன்னனீங்கள்."

"தண்ணிக்குத்தானே சொன்னனான்."

ஸ்பானர் பைக்குள் போனது. நாகேஸ்வரிக்கு வந்த சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து செய்தி கேட்டால் இளையதம்பியர், சாமிப் பாட்டு என்றால் இரத்தினம்மா, படப்பாட்டு என்றால் நாகேஸ்வரி என்று ஊரே அறிந்துகொண்டது.

அந்த வருடம் ஐப்பசி பிறந்தும் மழை இல்லை. கிணறு இறங்கிக்கொண்டே போனது, மூன்று பேரும் முறையைச் சுருக்கிக்கொண்டார்கள். ஒருநாள் முற்பகல் நாகேஸ்வரி பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிக்கொண்டிருக்கையில் பாட்டு இழுபட்டு, கரகரத்து, நின்றுபோனது. முறை முடிந்ததென்று இரத்தினம்மா ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் இளையதம்பியரும் வந்தார்.

"நிப்பாட்டிப் போட்டியே?"

"நான் கை வைக்கேல்லை அண்ணை."

சுவிச் போட்டபடியேதான் இருந்தது. மூன்று பேரும் ஒன்றாய் அண்ணாந்து பார்த்தார்கள். பனைகளுக்கு மேலே வானம் கறுத்துத் திரண்டு நின்றது. வாழை இலையில் முதல் துளி பட்டென்று விழுந்தது.

"அப்ப இப்ப ஆரின்ரை முறை?" என்று கேட்டார் இளையதம்பியர்.

"மேலை இருக்கிறவரின்ரை," என்றாள் நாகேஸ்வரி.

ஒருவரும் வீட்டுக்கு ஓடவில்லை. மூன்று பங்கும் ஒரே நேரத்தில் நனைவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.