ஈயக் கல்லறையின் வேகம்

"சீக்கிரம் வாடா நெவ், நீ வந்து சேர்றதுக்குள்ள ஸ்டூடியோவ மூடிடுவான்" என்று கத்திவிட்டு ராய்ஸ்டன் முன்னால் போய்விட்டான். ஐம்பது வருடப் பழக்கம், ஒரு நாளும் நின்று கூட்டிப் போனதில்லை. முழங்கால் வலியோடு நான் பின்னால் போனேன்.

எங்கள் குழுவுக்கு ஈயக் கல்லறை என்று பெயர். ராய்ஸ்டன் கிதார், நான் டிரம்ஸ். லயனல் பாடிக்கொண்டே பேஸ் கிதார் வாசிப்பான். அவன் செத்துப் போய் ஆறு வருடமாகிறது. எங்கள் ஊர் டிப்டனில் ஒரு மதுக்கடை மாடியில் வாசித்துப் பழகி, ஒரே ஒரு தடவை பதிவு செய்தோம். "சவ ஊர்வலம் மாதிரி இருக்கு" என்று அதை வெளிவராமல் செய்தவன் ராய்ஸ்டன்தான். அந்த மெதுவான வேகத்துக்குக் குற்றவாளி நான். நாளெல்லாம் வார்ப்பாலையில் உருக்கிய இரும்பை ஊற்றிவிட்டு வருவேன். தூக்கிய கை இறங்காது, இறங்கிய கை எழும்பாது. இப்போது அப்படி மெதுவாக, கனமாக வாசிக்கும் ராக் இசைக்கு டூம் மெட்டல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அலுப்பு என்றுதான் சொன்னோம்.

ஈரத்தில் ஒட்டிப்போயிருந்த எங்கள் பழைய டேப்பை ஸ்டூடியோக்காரர் பழம் உலர்த்தும் பெட்டியில் காய வைத்துத் தயாராக வைத்திருந்தார். அதை இசைத்தட்டாக வெளியிட லீட்ஸ் நகரத்திலிருந்து வந்திருந்த இமோஜன், "இவ்வளவு மெதுவா வாசிக்கணும்னு யாருக்குத் தோணிச்சு?" என்று கேட்டாள்.

"எனக்குத்தான்" என்றான் ராய்ஸ்டன், கூச்சமே இல்லாமல். "டிரம்ஸ்தான் சரியில்ல. வேற ஆள வச்சு அடிச்சுக்கலாம். நெவ்வுக்கு ஒண்ணும் வருத்தமில்ல. இல்லடா?"

வருத்தம் இருந்தது. என் விரல்கள் இப்போது மடங்குவதில்லை. நான் அடித்தது என்று இந்த உலகத்தில் மிஞ்சியிருப்பது அந்த டேப் மட்டும்தான். ஆனால் சண்டை போடத் தெம்பில்லை. "உன் இஷ்டம்" என்றேன்.

டேப் ஓடியது. முதல் பாட்டு முடிந்ததும் பேச்சுக்குரல் வந்தது. பதிவு செய்த அன்று நான் டிரம்ஸோடு தனியாகக் கண்ணாடி அறைக்குள் இருந்தேன். இது என் காதில் விழுந்ததே இல்லை.

"இவன தூக்கிட்டு வேற ஆளப் போடு லயனல். என்னால இழுக்க முடியல." ராய்ஸ்டனின் இளம் குரல்.

"உலைகிட்ட நின்னுட்டு நேரா இங்க வந்திருக்கான்டா" என்றான் லயனல். "அவன் வேகத்துக்கு நான் பாடிக்கிறேன்."

"பாட்டு கெட்டுப்போகும்."

"போகட்டும். நீ வேணா முன்னாடி போ. நான் அவனோடதான் வருவேன்."

அடுத்த பாட்டு தொடங்கியது. லயனல் ஒவ்வொரு சொல்லையும் நீட்டிப் பிடித்துக்கொண்டு, என் கை இறங்கும்வரை காத்திருந்து பாடினான். அவன் பாட்டை நான்தான் கெடுத்தேன் என்று, அவன் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தபோதுகூட நினைத்துக்கொண்டிருந்தேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை.

இமோஜன் தயங்கினாள். "இந்தப் பேச்ச வெட்டிடலாமா?"

ராய்ஸ்டனின் முகம் சிவந்திருந்தது. காலி டீக் கோப்பையைத் தள்ளி வைத்தான்.

"வேணாம். அப்படியே இருக்கட்டும். டிரம்ஸும்தான்."

வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது, கார் தெருக்கோடியில் நின்றிருந்தது. அவன் என் பக்கத்திலேயே நடந்தான்.

"முன்னாடி போயேன்டா, நனையுற" என்றேன்.

"நனைஞ்சா நனையறேன். நீ பாத்து வா" என்றான்.